நகரும் பாதையும் நிற்கும் வாகனமும்: குருமண்வெளித் துறையை முன்வைத்து ஓர் ஆய்வு

அதிவேக நெடுஞ்சாலைப் போக்குவரத்து ஓட்டத்தைக் கலாநிதிப் பட்டத்துக்கு எடுத்தவனுக்கு மட்டக்களப்பில் என்ன வேலை என்று மேற்பார்வையாளர் கேட்டார். நியாயம்தான். இலங்கையின் முதல் அதிவேக நெடுஞ்சாலை 2011இல் தெற்கே திறக்கப்பட்டது. வாவிக்கரைக்கு அப்படியொன்று வரவில்லை. ஆனால் இங்கே பாதை இருக்கிறது. எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே ஆளையும் வண்டியையும் ஏற்றிப்போகும் மிதவைக்கு இவ்வூரார் வைத்த பெயரே அதுதான். மற்ற ஊர்களில் பாதை கிடக்கும், வாகனம் ஓடும். இங்கே வாகனம் நிற்கும், பாதை ஓடும். பாடநூல் எழுதியோர் இதை எதிர்பார்க்கவில்லை.

ஒஹாயோ வீதியோரம் கமராவை நிறுத்தி வாகனங்களைப் படமெடுத்த புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ், 1935இல் ஒரு நேர்கோடு போட்டார்: நெரிசல் கூடக்கூட வேகம் குறையும், வாகனங்கள் முட்டி நின்றால் ஓட்டம் பூச்சியம். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற எவரும் இதை மறுக்கமாட்டார். குருமண்வெளியில் கோடு கவிழ்ந்துவிடுகிறது. பாதையில் நானும் ஒரு சைக்கிளும் மட்டும் இருந்தவரை வேகம் பூச்சியம். மோட்டார் சைக்கிள்களின் கைபிடிகள் ஒன்றோடொன்று உரசி, ஓர் ஆடு என் குறிப்பேட்டை மோப்பம் பிடிக்கும் நெருக்கம் வந்த பிறகுதான் பாதை கரையை விட்டது. அக்கரையிலுள்ள மண்டூரின் முருகன் திருவிழா நாட்களில் அவதானித்திருந்தால் கிரீன்ஷீல்ட்ஸ் வேறு தொழில் பார்த்திருப்பார்.

அடுத்து, அலகுப் பிரச்சினை. வீதியில் போகும் எதையும் இத்தனை கார் என்று மாற்றிக் கணக்கிடுவது எங்கள் வழக்கம். தயிர்ச்சட்டிக்கு அந்த அட்டவணையில் இடமில்லை. திரும்பி வருகையில் மண்டூர்ப் பக்கமிருந்து ஏறிய எருமைத்தயிர்ச் சட்டிகளைச் சுற்றி, அத்தனை நெரிசலிலும், ஒரு முழத்துக்கு வெற்றிடம். நான் அதில் கால்வைத்தேன்.

“மனே, தள்ளி நில்லு. சட்டி உடைஞ்சா மறுகா ஆரு காசு தாற?”

ஒரு சட்டி, அரைக் கார் என்று குறித்துக்கொண்டேன்.

நிலைபேறான போக்குவரத்து பற்றிய அத்தியாயம் சிறியது. ஒரு காரில் ஒருவரே போகாதீர்கள், சேர்ந்து போங்கள் என்று பெருநகரங்கள் மன்றாடுகின்றன. இங்கே சேராவிட்டால் போகவே முடியாது. காத்திருந்த நேரத்தை எங்கள் சூத்திரங்கள் நட்டம் என்கின்றன. அந்த நட்டத்துக்குள் ஒரு கலியாணம் பேசி முடிந்ததையும் நெல்விலை இருமுறை திட்டு வாங்கியதையும் நான் கேட்டேன். ஆனாலும், நள்ளிரவில் நோயாளியோடு துறைக்கு வருபவரிடம் இந்த அத்தியாயத்தை வாசித்துக்காட்டும் துணிவு எனக்கில்லை. இதே வாவியில் மண்முனையிலும் ஒரு பாதை ஓடியது; 2014இல் அங்கே பாலம் திறந்ததும் அதற்காக யாரும் போராடவில்லை. கல்லடியில் 1924ஆம் ஆண்டின் ஒடுங்கிய இரும்புப் பாலத்தருகே 2013இல் அகலமானது வந்தபோதும் அப்படித்தான்.

களத்தை நேரில் பார்க்க மேற்பார்வையாளர் காரில் வந்தார். துறையில் நின்று தொலைபேசியில் அழைத்தார்.

“தம்பி, வீதி தண்ணியில முடியுது. பாதை எங்க?”

“அக்கரையில நிக்குது, சேர். ஆள் சேர்ந்ததும் வரும்.”