சொந்த வண்டி முதலாளி

அமெரிக்காவிலே, ஒரு பெட்டி உதிரிபாகம் பொழுது விடிவதற்குள் வந்து சேராவிட்டால் மோட்டார்த் தொழிற்சாலையே ஸ்தம்பித்துவிடும் என்கிற பிறருடைய அவசரத்தை நம்பி ஜீவிக்கும் லாரிக்காரர்கள் இருக்கிறார்கள். சம்பளத்துக்கு ஓட்டிச் சலித்த ஒருவர், இனி நமக்கு நாமே எஜமானர் என்ற மகா சங்கல்பத்துடன் அந்த வர்க்கத்தில் சேர்வதற்காகப் பழைய லாரி வாங்கப் புறப்படும் வைபவம் தரிசிக்கத் தக்கது. மைல் காட்டும் கருவியை அவர் பயபக்தியுடன் பார்க்கிறார். ஆனால் சுமையோடு 16,000 பவுண்டுக்கு மேல் எடை அனுமதிக்கப்பட்ட வண்டிகளை விற்பவர், ஓடிய தூரத்தை எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை என்று மத்திய சட்டமே விலக்களித்திருப்பதால், அந்த இலக்கங்களை ஓர் அலங்காரமாகக் கொள்வதே உசிதம். 2007க்குப் பின் வந்த டீசல் என்ஜின்களிலுள்ள கரி வடிகட்டியோ, முந்தைய சொந்தக்காரரின் பாவங்களையெல்லாம் சேமித்து வைத்திருந்து, புதியவரிடம் பிராயச்சித்தம் கேட்கும் சுபாவமுடையது.

வண்டிக்குள் படுக்கை உண்டு. அவசரச் சரக்குத் தொழிலில் பெரும்பகுதி காத்திருத்தலே ஆகையால், அது அவசியமுங்கூட. 10 மணி நேர ஓய்வுக்குப் பிறகு 11 மணி நேரந்தான் ஓட்டலாம் என்பது விதி. சரக்கை இறக்கிவிட்டு அடுத்த சரக்கைத் தேடி வெறுமையாக ஓடும் மைல்களுக்குக் கூலி சொற்பம், டீசலோ பேதம் பாராது. ஆகவே, முதலாளியாகப் போகும் நண்பரே, கையெழுத்திடுமுன் என்ஜின் எண்ணெயைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். கையிருப்பு முழுவதையும் முன்பணமாகக் கொட்டிவிடாதீர்கள்.