கவுன்ட்டர் யோசனையும் கோர்ட் வாசலும்

2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையம், 2025-ல் சிவகிரி பக்கம் என்று தோட்டத்துச் சாளையில் தனியாக இருந்தவர்களைக் கொன்ற கொடுமைகளுக்குப் பிறகு, கொங்குப் பக்கத்துத் திண்ணைப் பேச்சு துப்பாக்கி லைசென்ஸ் பக்கம் திரும்பிவிட்டது. இந்த வாரம் வந்த கேள்விகளும் அதே ரகம். முக்கால்வாசிக் கடிதங்கள் 'துப்பாக்கிக் கடையில ஒருத்தர் சொன்னாருங்க' என்றுதான் ஆரம்பிக்கின்றன. அந்த ஒருத்தர் யார் என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை. பரவாயில்லை, அவர் சொன்னதற்குப் பதில் சொல்லிவிடுவோம்.

கே: தோட்டா வாங்கக் கடையில் நின்றிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒருத்தர், "திருடனைச் சுட்டுட்டா பயப்படாதீங்க. வாசலுக்கு வெளியே விழுந்திருந்தா உள்ளே இழுத்துப் போட்டுருங்க, கேஸே நிக்காது" என்றார். நிஜமா?
– வாசகர், ஒண்டிப்புதூர்

ப: நிக்காமல் என்ன, ஒரு கேஸ் இரண்டாக நிற்கும். தற்காப்புக்காகத்தான் சுட்டீர்கள் என்றே இருக்கட்டும்; பிணத்தை இழுத்த நிமிஷத்தில் தடயத்தை மறைத்த குற்றம் தனியாகச் சேர்ந்துகொள்ளும். பாரதிய நியாய சன்ஹிதாவில் அதற்கு 238-ஆம் பிரிவு காத்திருக்கிறது. ரத்தம் சிந்திய இடம், இழுத்த தடம், குண்டு பாய்ந்த கோணம் மூன்றும் உண்மையைச் சொல்லிவிடும். அதைப் படிக்கத் தெரிந்த தடய அறிவியல் ஆய்வகம் நம் கோவையிலேயே இருக்கிறது.

ஆள் எங்கே விழுந்தான் என்பதல்ல, நீங்கள் சுட்ட நொடியில் அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்பதுதான் சட்டத்தின் கேள்வி. கொள்ளையடிக்கிறவனை, இருட்டிய பிறகு வீட்டை உடைத்து நுழைகிறவனைத் தடுக்கும்போது, உயிர் போகும் அளவுக்குக்கூடத் தற்காத்துக்கொள்ள 41-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் தேவைக்கு மேல் ஓர் அடிகூடக் கூடாது என்று 37-ஆம் பிரிவு கையைப் பிடிக்கிறது. போலீசைக் கூப்பிட நேரமிருந்தால் அந்த உரிமையே இல்லை என்றும் அது சொல்கிறது. காம்பவுண்டு ஏறிக் குதித்து ஓடுகிறவனின் முதுகில் சுட்டுவிட்டு, அவனை நடுக்கூடத்தில் கொண்டுவந்து படுக்க வைத்தாலும் குண்டு பாய்ந்தது முதுகில்தானே?

கே: கடைக்காரர் பேச்சை நம்பலாமா, பக்கத்தில் நிற்பவர் பேச்சை நம்பலாமா?
– வாசகர், நீலிக்கோணாம்பாளையம்

ப: கடைக்காரர் தன் லைசென்ஸைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியவர், கணக்கு எழுதி விற்கிறவர். ஆகவே கருவியைப் பற்றி அவரிடம் கேளுங்கள். சட்டத்தை வக்கீலிடம் கேளுங்கள். பக்கத்தில் நிற்பவரிடம் மணி என்ன என்று கேளுங்கள்.

கே: "டபுள் பேரல்னா குறியே பார்க்க வேண்டாம், திசையைக் காட்டுனாப் போதும், ரூம் பூரா ரவை பரவிரும்" என்று ஒருத்தர் சொன்னார். நடுங்கும் கைக்கு அதுதான் சரியா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், இருகூர்

ப: அவர் சினிமாவில் பார்த்திருக்கிறார். பன்னிரண்டு போர் துப்பாக்கியில் ரவை பரவும்தான், ஆனால் தூரம் போகப் போகத்தான். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, சுமார் ஐந்து மீட்டர் தூரத்தில், அத்தனை ரவையும் சேர்ந்து ஒரு கையகலத்துக்கு மேல் பரவாது. குறி தவறினால் அந்தக் கையகலமும் சேர்ந்தே தவறும். ஜன்னலைத் தாண்டி, பக்கத்து வீட்டுக்காரர் தூங்கும் கட்டில் வரை போகும். கை நடுங்குகிறது என்றால் அதற்கு மருந்து டாக்டரிடம்தான் இருக்கிறது சார்.

கே: நான் தனியாக இருக்கும் பெண். "பொம்பளைங்களுக்குச் சின்னதா, லேசா ஒண்ணு போதும்மிணி" என்கிறார்கள். அப்படித்தானா?
– வாசகி, வரதராஜபுரம்

ப: 2014-ல் அரசின் ஆயுதத் தொழிற்சாலையே இந்த யோசனையில் ஒரு ரிவால்வர் செய்தது. கான்பூரில் தயாரான 'நிர்பீக்', .32 போர், எடை அரைக் கிலோ, விலை 1.22 லட்சத்துக்கு மேல். நகைப்பெட்டி மாதிரி ஒரு பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். பெண் என்றதும் பெட்டிதான் முதலில் ஞாபகம் வந்திருக்கிறது.

துப்பாக்கி எடை குறையக் குறைய, சுடும்போது அது கையைப் பின்னால் உதைப்பது கூடும். குழல் குட்டையானால் குறி வைப்பதும் கஷ்டம். லேசானது தூக்க வசதி, சுட வசதியில்லை. யாருக்கு எது பொருந்தும் என்பது கை அளவையும் பழக்கத்தையும் பொறுத்தது, புடவையையும் வேட்டியையும் பொறுத்ததல்ல. வாங்க நினைத்தால் முதலில் ஒரு ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து சுட்டுப் பழகுங்கள். 'போதும்மிணி' என்ற ஆளையும் வரச் சொல்லுங்கள். யார் இலக்கில் அதிகம் ஓட்டை விழுகிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

கே: சூலூர் தாண்டித் தோட்டத்துச் சாளையில் அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கிறார்கள். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. "ஒரு துப்பாக்கி வாங்கிக் குடுத்துருங்க, நிம்மதியாத் தூங்கலாம்" என்கிறார்கள். வாங்கட்டுமா?
– திருப்பூரில் வேலை பார்க்கும் மகன்

ப: சொன்னவர்களுக்கு நிம்மதி வந்துவிட்டது, உங்களுக்கு வருமா என்று பார்ப்போம். முதலில் நடைமுறை. மாநகரப் போலீஸ் எல்லைக்குள் இருந்தால் கமிஷனரிடமும், சூலூர் மாதிரிப் புறநகர் என்றால் கலெக்டரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். போலீஸ் விசாரணை, மருத்துவச் சான்று, ஆயுதத்தைப் பத்திரமாகக் கையாளும் பயிற்சிச் சான்று எல்லாம் உண்டு. கிடைத்தால் ஐந்து வருஷத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. முன்பு மூன்று.

இனி ராத்திரி இரண்டு மணியைக் கற்பனை செய்யுங்கள். துப்பாக்கி பீரோவில் பூட்டியிருக்கிறது. தோட்டா வேறு இடத்தில் இருக்கிறது, பேரன் பேத்தி லீவுக்கு வரும் வீட்டில் அப்படித்தான் இருக்க வேண்டும். சாவி அம்மாவின் சுருக்குப் பையில். அப்பாவின் கண்ணாடி எங்கோ. நாய் குரைக்கிறது. அப்பா இத்தனையும் தேடி எடுத்து வாசலுக்கு வருவதற்குள் வந்தவன் என்ன செய்திருப்பான்? அவன் இளவட்டம், தனியாகவும் வரமாட்டான். துப்பாக்கி கை மாறினால் அவனுக்கு ஓர் ஆயுதத்தை நாமே வாங்கிக் கொடுத்த கதை.

அதே பணத்தில் சாளையைச் சுற்றி ஆள் நடந்தால் எரியும் விளக்கு, உங்கள் செல்போனில் தெரியும் கேமரா, உள்ளே தாழ் போடும் இரும்புக் கதவு. என்ன சத்தம் கேட்டாலும் கதவைத் திறக்காமல் போன் பண்ணும் பழக்கம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் நம்பர் முதல் பட்டனில், 100-ம் 112-ம் அடுத்த பட்டன்களில். தமிழ்நாடு போலீசின் 'காவல் உதவி' செயலியை அம்மா போனிலும் போட்டுக் கொடுங்கள். இத்தனைக்கும் பிறகும் துப்பாக்கி வேண்டும் என்று அப்பா சொன்னால் அது அவர் உரிமை, தாராளமாக விண்ணப்பிக்கட்டும். வரிசையில் அது கடைசி என்பதுதான் என் கட்சி.

கே: "ஆளைச் சுட வேண்டாம், மேலே பார்த்து ஒண்ணு விட்டாப் போதும்" என்பது நல்ல யோசனைதானே?
– வாசகர், உப்பிலிபாளையம்

ப: மேலே போன குண்டு வானத்திலேயே தங்கிவிடுவதில்லை. அது எங்கே இறங்கும் என்று உங்களுக்கும் தெரியாது, அந்தக் கூரைக்கு அடியில் இருப்பவருக்கும் தெரியாது. கல்யாணம், காதுகுத்து என்று சந்தோஷத்தில் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால், 2019 திருத்தப்படி இரண்டு வருஷம் வரை ஜெயில், அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். திருடனைப் பயமுறுத்தவும் சரி, மாப்பிள்ளையை வரவேற்கவும் சரி, வானம் காலி மனை அல்ல.

கே: எங்கள் பட்டியார் தோட்டம் பூராவும் பன்றி, மயில் தொல்லை. கடையில் ஒருத்தர், "ஒரு ஈடு போட்டு ராவோட ராவாப் பொதைச்சுருங்க" என்றார். இன்னொருத்தர் அவுட்டுக்காய் வைக்கச் சொன்னார். எது மேல்?
– விவசாயி, தொண்டாமுத்தூர்

ப: இரண்டுமே உங்களைத்தான் புதைக்கும். மயில் வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் மூன்று முதல் ஏழு வருஷம், அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். பன்றி விஷயத்தில் தமிழக அரசு 2025 ஜனவரியில் ஒரு முடிவெடுத்தது. காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வந்த பன்றியைத் தொடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டர் தாண்டி வந்தால்தான் சுடலாம், அதுவும் வனத்துறைக்காரர்கள்தான். அரசாங்கமே டேப் பிடித்து அளந்து சுடுகிற மிருகத்தை நீங்கள் அளக்காமல் சுடப் போகிறீர்களா?

அவுட்டுக்காய் பேச்சே வேண்டாம். அது பன்றிக்கென்று பெயர் எழுதி வைத்த வெடியல்ல. கோவைக் காடுகளில் அதைக் கடித்து வாய் சிதறி, தின்னவும் குடிக்கவும் முடியாமல் பட்டினியில் செத்த யானைகள் உண்டு. மாடு மேய்க்கும் பையன் மிதித்தாலும் அது வெடிக்கும். சேதமான பயிரைப் போட்டோ எடுங்கள், வி.ஏ.ஓ.விடமும் வனச்சரக அலுவலகத்திலும் மனு கொடுத்து இழப்பீடு கேளுங்கள். அலையத்தான் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். கோர்ட்டுக்கு அலைவதை விட இது பக்கம்.

கே: என் அக்கா மகன் ஏர்கன் வாங்கியிருக்கிறான். "இதுக்கு லைசென்ஸே வேண்டாம் மாமா, கடையிலேயே சொன்னாங்க" என்று சிங்காநல்லூர் குளத்துப் பக்கம் கிளம்புகிறான். விடலாமா?
– தாய்மாமன், சிங்காநல்லூர்

ப: கடையில் சொன்னது பாதி உண்மை. 4.5 மில்லிமீட்டர் போருக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று 2016 ஆயுத விதிகள் சொல்கின்றன. விலக்கு துப்பாக்கிக்குத்தான், குளத்து நாரையையும் கூழைக்கடாவையும் சுடுவதற்கல்ல. நம் குளத்தை 2017-ல் மாநகராட்சி நகர்ப்புறப் பல்லுயிர் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்திருக்கிறது. காக்காயாவது சுடலாமே என்றால், காக்காய் இருந்த 'தொல்லை விலங்கு' அட்டவணையையே வன உயிரினச் சட்டத்தின் 2022 திருத்தம் தூக்கிவிட்டது.

ஈயக் குண்டு சின்னதுதான், மனுஷன் கண்ணும் சின்னதுதான். மருமகனுக்கு அவ்வளவு ஆசையென்றால் ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டிக்கும் இதே 4.5 மில்லிமீட்டர்தான். அதில் பத்து மார்க் புள்ளி அரை மில்லிமீட்டர் அகலம். குளத்தில் கூழைக்கடாவை அடிப்பவன் வீரனில்லை, அந்தப் புள்ளியை அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கே: அப்பிச்சி காலமாகி மூன்று வருஷம். பரணில் அவருடைய டபுள் பேரல் கிடக்கிறது. "யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க, எண்ணெய் போட்டு வெச்சுக்கோங்க" என்கிறார் ஒருத்தர்.
– பேரன், ஒத்தக்கால்மண்டபம்

ப: லைசென்ஸ் அப்பிச்சியோடு போய்விட்டது, துப்பாக்கி மட்டும் உங்களோடு இருக்கிறது. இப்போது அது குடும்பச் சொத்தல்ல, லைசென்ஸ் இல்லாத ஆயுதம். அதற்குத் தண்டனை இரண்டு வருஷத்திலிருந்து ஐந்து வருஷம் வரை. போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்கு லைசென்ஸ் கேட்டும் விண்ணப்பிக்கலாம்.

நீங்களே சாக்கில் சுற்றி பைக்கில் எடுத்துப் போகாதீர்கள். வழியில் செக்போஸ்ட்டில் அப்பிச்சி கதை எடுபடாது. முதலில் ஒரு வக்கீலோடு ஸ்டேஷனில் போய்ச் சொல்லி, எப்படிக் கொண்டுவருவது என்று கேளுங்கள். முக்கியமாக, உள்ளே தோட்டா இருக்கிறதா என்று மடக்கிப் பார்க்கிற வேலை வேண்டாம். பழைய தோட்டா ஈரத்தில் உப்பி அடைத்துக்கொண்டிருக்கலாம். தெரிந்தவர் கை வைக்கும் வரை அது குண்டு போட்ட துப்பாக்கி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கே: தேர்தல் சமயத்தில் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்கிறார்கள். "பழைய லைசென்ஸ்காரங்களுக்கு அதெல்லாம் இல்லீங்க" என்றார் ஒருத்தர்.
– வாசகர், பீளமேடு

ப: ஸ்டேஷனிலிருந்து நோட்டீஸ் வந்தால் அது உங்களுக்குத்தான். கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். விலக்கு வேண்டுமென்றால் எழுத்தில் கேளுங்கள். ஓட்டு எண்ணி முடிந்ததும் ரசீதைக் காட்டி வாங்க மறக்காதீர்கள். ஜெயித்த வேட்பாளர் உங்களை மறப்பார், ரசீது மறக்காது.

கே: இப்படித் தப்பு யோசனை காதில் விழும்போது அங்கேயே மறுக்கலாமா, சும்மா இருக்கலாமா?
– வாசகர், சௌரிபாளையம்

ப: சொல்கிறவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். இருபது வருஷமாக அதையே சொல்லிக்கொண்டிருக்கும் மனிதர் ஒரு மத்தியானத்தில் திருந்தமாட்டார். கேட்டுக்கொண்டிருப்பவரைப் பாருங்கள். முதல் துப்பாக்கி வாங்க வந்திருக்கும் யாரோ ஒரு தம்பி, வாயைப் பிளந்து தலையாட்டிக்கொண்டிருப்பார். கடைக்காரர் அவருடைய லைசென்ஸை வாங்கி, கொடுத்த தோட்டாவை அதில் எழுதி முத்திரை வைக்கும் நேரம் பார்த்து, "தம்பி, இதுல இருக்கறது உங்க பேரா, இவரு பேரா?" என்று கேளுங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். யோசனை சொல்கிறவர் எங்கேயும் கையெழுத்துப் போடுவதில்லை என்பது அந்தத் தம்பிக்கு அப்போதே உறைத்துவிடும்.

கே: கவுன்ட்டரில் நல்ல யோசனையே வராதா?
– கல்லூரி மாணவர், சிங்காநல்லூர்

ப: வரும். "துடைக்கறதுக்கு முன்னாடி உள்ளே தோட்டா இருக்கான்னு ரெண்டு தடவை பாருங்க", "சுடாதபோது விரலை விசையில வைக்காதீங்க", "குழலை ஆள் பக்கம் நீட்டாதீங்க" என்பார்கள். அதைச் சொல்கிறவர் மெதுவாகப் பேசுவார், வீரக் கதை சேர்க்கமாட்டார். அதனால்தான் யார் காதிலும் விழுவதில்லை.

கே: இவ்வளவு பேசுகிறீர்களே, உங்களிடம் துப்பாக்கி உண்டா?
– வாசகி, ராமநாதபுரம், கோவை

ப: இல்லைங்க. எங்கள் வீட்டில் டி.வி. ரிமோட்டுக்கே இன்னும் என் பெயரில் லைசென்ஸ் வரவில்லை.