கொண்டை ஊசித் தகப்பன்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்டுக்கு முன்னால் அவரைப் பார்த்திருப்பீர்கள். முட்டிக்குக் கீழே ஜிப்பைத் திறந்து கழற்றக்கூடிய பேன்ட், எண்ணிப் பார்த்தால் பதினோரு பாக்கெட் தேறும் ஜாக்கெட், கழுத்தில் விசில். முதுகில், குழந்தையை உட்காரவைத்துத் தூக்கிப்போகும் பை. அதில் குழந்தை இருக்காது. உட்கார மாட்டேன் என்று அது கையெழுத்துப் போடாத குறையாகச் சொல்லிவிட்டது. ஆறாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய பையைச் சும்மா போட்டுவைக்க மனம் வராமல், ரைஸ் குக்கரை அதில் உட்காரவைத்து, பெல்ட்டும் மாட்டிவிட்டிருக்கிறார்.

முப்பத்தைந்துக்கும் நாற்பதுக்கும் நடுவே வயது. கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை. ஆறு வயதில் ஒன்று, மூன்று வயதில் ஒன்று. பெரியவன் போனைப் பிடுங்கினால் அழுகிறான், சின்னவள் போனைக் கொடுத்தால்தான் சாப்பிடுகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து அவர் வேறு மனிதராகிவிட்டார். "பிள்ளைங்க மண்ணை மிதிக்கணும் சார். காட்டைப் பார்க்கணும், அட்டைகிட்ட கடி வாங்கணும். அப்பதான் மனுஷனா வளரும்" என்பார். சொல்லும்போது அவர் கண் போனில் இருக்கும். கொல்லிமலையில் நாளைக்கு மழை உண்டா என்று பார்க்கிறார்.

இந்த வகைத் தகப்பன்மார் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பழைய காலம் உண்டு. "எங்க காலத்துல லீவு விட்டா வீட்டுல யாரு இருந்தா? மாந்தோப்பு, ஆத்தங்கரை, கிணத்துல குதிக்கிறதுன்னு..." என்று அவர் தொடங்கினால் கேட்கச் சுகமாக இருக்கும். அவருடைய அம்மா பக்கத்தில் இல்லாமலிருந்தால்.

"எந்தக் கிணறுடா? தொட்டித் தண்ணியில கை வெச்சாலே உனக்கு இழுப்பு வந்துடும்னு பத்தாவது படிக்கிற வரைக்கும் வெந்நீர் போட்டுக் குடுத்தேன். மாந்தோப்பு யாருதுடா, நமக்கு எங்க இருந்தது?"

இப்படிப்பட்ட சாட்சியை யாரும் பயணத்துக்குக் கூட்டிப்போக மாட்டார்கள்தான். ஆனால் சின்னவள் பாட்டி இல்லாமல் தூங்க மாட்டாள். எனவே பாட்டி வருவார். அவரோடு எலுமிச்சம்பழம் வரும், சுக்கு வரும், பழைய பருத்திப் புடவை ஒன்று வரும். அந்தப் புடவை துடைக்க, விரிக்க, போர்த்த, கார் ஜன்னலில் வெயிலுக்குத் திரையாகக் கட்ட என்று வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால், அந்த ஜாக்கெட்டைத் தைத்தவன் தொழிலை விட்டுவிடுவான்.

பயணத் திட்டம் எக்ஸெலில் இருக்கும். 4.30 எழுதல். 4.45 பல் தேய்த்தல். 5.10 கிளம்புதல். 11.15 முதல் 11.35 வரை இயற்கையை ரசித்தல். பெரியவனின் இடது கால் சாக்ஸைத் தேடுதல் என்று அதில் ஒரு வரி இருக்காது. ஆகையால் வண்டி கிளம்பும்போது மணி ஏழே முக்கால். அவர் மனைவி திட்டத்தைப் படிப்பதில்லை. எந்த ஊருக்குப் போவதென்றாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "ஏங்க, அங்க பாத்ரூம் எப்படி?" நம் ஊர்ச் சுற்றுலாக் கையேடுகளை ஆண்கள்தான் எழுதுகிறார்கள் என்பது என் சந்தேகம். அருவி எத்தனை அடி உயரம் என்று போட்டிருக்கும். அருவிக்கும் கழிப்பறைக்கும் எத்தனை அடி என்று போட்டிருக்காது. மூன்று வயதுக் குழந்தையோடு போகிறவர்களுக்கு எது முக்கியம் என்று சொல்லவேண்டியதில்லை.

ஒருமுறை அவர் வண்டியின் கடைசி சீட்டில், ரைஸ் குக்கருக்கு அருகே மடங்கி உட்கார்ந்து, நானும் கொல்லிமலைக்குப் போனேன். நாமக்கல் மாவட்டத்தில் காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும். மொத்தம் 70. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. ஏற்காட்டுக்குச் சேலத்திலிருந்து ஏறினால் 20, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 என்று இவரிடம் ஒரு பட்டியலே இருந்தது. எழுபதுக்குக் குறைந்த மலையை இவர் மலையென்றே மதிக்கமாட்டார் போலிருந்தது. "கணக்கும் ஆச்சு, இயற்கையும் ஆச்சு" என்று சொல்லிப் பெரியவனை வளைவுகளை எண்ணச் சொன்னார். அவன் உற்சாகமாகத்தான் எண்ணினான். "இருபத்தெட்டு, இருபத்தொன்பது, இருபத்திப்பத்து, இருபத்திப்பதினொண்ணு..." திருத்தியும் பயனில்லை. பலகை 36 என்றபோது அவன் இருபத்திப்பதினாறில் இருந்தான். யோசித்துப்பார்த்தால் அவன் கணக்கிலும் தவறில்லை.

எண்ணிச் சலித்த பிள்ளைகளுக்கு வல்வில் ஓரியின் கதையை ஆரம்பித்தார். கொல்லிமலையை ஆண்டவன், கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவன் விட்ட ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலியைக் கொன்று, மானைச் சாய்த்து, பன்றியை வீழ்த்தி, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பின்மேல் போய்த் தைத்தது என்று புறநானூற்றின் 152ஆம் பாட்டில் இருக்கிறது. அவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து அம்பு விட்டே காட்டினார்.

"உடும்பு என்னப்பா பண்ணுச்சு?" என்றான் பெரியவன்.

"ஒண்ணும் பண்ணல. அது அங்க இருந்துச்சு."

"சும்மா இருந்ததை எதுக்குப்பா கொல்லணும்? அவர் நல்லவருன்னு சொன்னே?"

சங்க இலக்கிய உரையாசிரியர்கள் யாரும் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதிவைத்துப் போகவில்லை. இவர் வழக்கத்துக்கு மாறாகப் பேசாமல் ஓட்டினார். பிறகு ஓரியின் கொடைத்தன்மைக்கு மாறினார். கேட்டவர்க்கெல்லாம் இல்லையென்னாமல் கொடுத்தான் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, நாற்பத்தொன்றாவது வளைவில், சின்னவளும் தன்னிடம் இருந்ததையெல்லாம் வாரி வழங்கினாள்.

வண்டி ஓரங்கட்டியது. பாட்டியின் புடவை வந்தது, எலுமிச்சம்பழம் வந்தது. அவர் மனைவி கழுவினார், துடைத்தார், சட்டை மாற்றினார். இவர் விளக்கினார்: "காதுக்குள்ள சமநிலைக்குன்னு ஒரு உறுப்பு இருக்கும்மா. அது வண்டி திரும்புதுன்னு மூளைக்குச் சொல்லுது. கண்ணு உள்ள சீட்டைப் பார்த்துட்டு எதுவுமே ஆடலைன்னு சொல்லுது. ரெண்டும் ஒத்துப்போகாததால..."

"வயித்துல ரெண்டு கரண்டி நெய்ப்பொங்கலைத் திணிச்சுட்டுக் காதைக் குத்தம் சொல்றியே. தலையை நிமித்தி ரோட்டைப் பார்க்கச் சொல்லுடா" என்றார் பாட்டி. இரண்டும் சரிதான். ஆனால் மீதி 29 வளைவுக்கு உபயோகப்பட்டது பாட்டி சொன்னதுதான்.

ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கவேண்டும். பாட்டி அறப்பளீஸ்வரர் கோயில் வாசலோடு சரி என்று நின்றுவிட்டார். இறங்குவது ஆனந்தமாக இருந்தது. பெரியவன் முன்னால் ஓடினான். சின்னவள் படிக்கு ஒரு கல் பொறுக்கி அப்பாவிடம் பத்திரப்படுத்தக் கொடுத்தாள். அந்தப் பதினோரு பாக்கெட்டும் எதற்காக என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. கீழே, சுமார் 300 அடி உயரத்திலிருந்து அருவி இடிமாதிரி விழுந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அலறின. "இங்க பாரு, அப்பா எப்படி நிக்கிறேன்!" என்று அவர் தண்ணீருக்கடியில் போய் நின்று கூவியது எங்கள் ஒருவர் காதிலும் விழவில்லை, கையாட்டியதிலிருந்து ஊகித்தோம். பிள்ளைகள் பாறையில் சாப்பாட்டுத் தட்டளவு தேங்கியிருந்த தண்ணீரைக் கண்டுபிடித்து, அதில் இலையை மிதக்கவிட்டு ஒரு மணி நேரம் இருந்தன. "வீட்டுப் பால்கனியிலயே இது கிடைக்குமேடா" என்று அவர் இரண்டு முறை சொன்னார். பால்கனியில் யாரும் விடமாட்டார்கள் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும்.

ஏறுவதுதான் கதை. இறங்கும்போது மான்குட்டியாக இருந்த பெரியவனுக்கு, ஐம்பது படி ஏறியதும் கால் மறந்துபோய்விட்டது. "தூக்கு" என்றான். பதினெட்டுக் கிலோ. சின்னவளை அம்மா ஏற்கெனவே தூக்கியிருந்தார். யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. இறங்கும்போது ஒரு மரத்தின் பெயரும் சொல்லாதவர், ஏறும்போது இருபது படிக்கு ஒரு மரத்தடியில் நின்று, "இது பாருடா... பலா... காய் பாரு... எப்படி... வேர்லயே..." என்று தாவரவியல் நடத்தினார். கடைசி இருநூறு படிகளில் மரமே இல்லாத இடங்களில்கூட நின்று காட்டினார். கல்லைக் கீழே போட்டுவிடலாமே என்று நான் சொல்லி வாய்மூடுவதற்குள் சின்னவள் அம்மாவின் தோளிலிருந்து வீறிட்டாள். கற்கள் பத்திரமாகச் சென்னை வந்துசேர்ந்தன.

மேலே பாட்டி முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடித்துக்கொண்டிருந்தார். அது இரண்டாவது டம்ளர். ஆட்டுக்கால் மாதிரி ரோமத்தோடு இருக்கும் அந்தக் கிழங்கை மூட்டுவலிக்கு நல்லது என்று மலையில் கடைக்குக் கடை கொதிக்கவைத்து விற்கிறார்கள். கடைக்காரம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள், யார் எங்கே கட்டிக்கொடுத்தது, மிளகு இந்த வருஷம் என்ன விலை போகிறது எல்லாம் பாட்டிக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்குக் கொல்லிமலையைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான் என்பது என் கருத்து. "நீயும் ஒண்ணு குடிடா, முட்டிக்கு நல்லது" என்றார். மகன் மூன்று டம்ளர் குடித்தார்.

ராத்திரி விடுதியில் பிள்ளைகள் ஒரு பெரிய சிவப்பு பக்கெட்டைக் கண்டார்கள். வீட்டில் ஷவர்தான், அதனால் இருவரும் ஒரே நேரத்தில் உட்காரும் அளவுக்கு ஒரு பக்கெட் உலகத்தில் உண்டென்பது அவர்களுக்குத் தெரியாது. எட்டரை வரை அந்தக் குளியலறையிலிருந்து கேட்ட சிரிப்புக்கு ஈடாக அருவிக்கரையில் ஒன்றும் நடக்கவில்லை. அவரோ கட்டிலில் காலை நீட்டியபடி, அருவிக்கு எதிரே பிள்ளைகள் வாய் திறந்து நிற்கும் படத்தை, அழுகிறார்கள் என்று தெரியாதபடி வெட்டி, "இயற்கையே ஆசான்" என்று ஸ்டேட்டஸ் வைத்தார். அறுபத்திரண்டு பேர் பார்த்தார்கள் என்று காலையில் என்னிடம் காட்டினார்.

நீலகிரி மலை ரயிலுக்கும் இதே கதிதான். அவர் அறுபது நாள் முன்னதாகவே காத்திருந்து டிக்கெட் எடுத்து, காலை 7.10 வண்டிக்கு நாலரைக்கே எல்லோரையும் எழுப்பி மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் நிறுத்தினார். 1899இல் குன்னூர் வரை, 1908இல் ஊட்டி வரை, 2005இல் யுனெஸ்கோ பட்டியல், 16 சுரங்கம், பன்னிரண்டு அடி போனால் ஓரடி ஏற்றம் எல்லாம் சொன்னார். பாதி ராத்திரியில் எழுப்பப்பட்ட பிள்ளைகள் பதினாறு சுரங்கத்தில் பெரும்பாலானவற்றைத் தூக்கத்திலேயே தாண்டி, குன்னூரில் வடை வாசனைக்கு விழித்தன. 46 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம் என்று கேட்ட பாட்டி, "இதுக்கு எழுப்பாமலே விட்டிருக்கலாம், தூங்கி எழுந்து பஸ்ல போயிருந்தாலும் முன்னாடி போய்ச் சேர்ந்திருப்போம்" என்றார். பெரியவனுக்கு வேறு குறை. எஞ்சினைப் பார்க்கவேண்டும் என்று முன் பெட்டியில் அடம்பிடித்து உட்கார்ந்தான். பல்சக்கரப் பாதையில் எஞ்சின் பின்னாலிருந்துதான் தள்ளும். அந்தக் குடும்பம் நகர்வதும் அப்படித்தான். முன்னால் விசிலோடு ஒருவர் நிற்பார். தள்ளுகிற ஆள் பின்னால், நாலு மாற்றுத்துணி, பால் பாட்டில், மாத்திரை டப்பாவோடு கண்ணுக்குத் தெரியாமல் வருவார்.

வருஷத் தொடக்கத்தில் சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் என்று ஒரு நள்ளிரவில் மணலில் நடக்கக் கூட்டிப்போனதையும் சொல்லவேண்டும். ஆமை வந்த நேரத்தில் பெரியவனுக்கு ஒன்றுக்கு வந்தது. இரண்டும் முடிந்து அவர் திரும்பியபோது ஆமை கடலுக்குள் போய்விட்டிருந்தது.

இந்தக் கோடை விடுமுறைக்கு அவர் மனைவி தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: கும்பகோணம், அம்மா வீடு, பதினைந்து நாள், திட்டம் கிட்டம் எதுவும் கிடையாது. இவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் வயல், வாய்க்கால். ஏறுவதற்கு ஒரு குன்று உண்டா, மேடு உண்டா? மூன்றாம் நாள் போனோடு என்னிடம் ஓடிவந்தார்.

"சார், பக்கத்துலயே சுவாமிமலை இருக்கு! பேரே மலை. அறுபது படியாம், அறுபது தமிழ் வருஷத்துக்கும் ஒண்ணு ஒண்ணாம். சின்னவளுக்கு இப்பதான் புது டிரெக்கிங் ஷூ வந்திருக்கு. பிரபவ, விபவன்னு சொல்லிக்கிட்டே ஏத்திடலாம்."

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டி தலை நிமிரவில்லை.

"அது கோயில்டா. ஷூவைக் கீழயே விட்டுட்டுத்தான் ஏறணும்."