சங்குக் கொடியும் மூவண்ணக் கொடியும்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்த என் தாத்தாவுக்கு நாட்டு விழா என்றால் ஐப்பசி மாதத்துச் சித்திரை நட்சத்திரம்தான். மன்னர் சித்திரைத் திருநாளின் பிறந்தநாள் அது. அவர் ஆண்ட திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குச் சங்குக் கொடி இருந்தது. சக்கரம் என்ற காசும், அஞ்சல் என்ற சொந்தத் தபாலும், எல்லையில் சவுக்கை என்ற சுங்கச் சாவடியும் இருந்தன. பழவங்காடிப் பிள்ளையாரைக்கூட மன்னரின் நாயர் பட்டாளம்தான் பூசித்து வந்தது.

1947 ஜூன் 11-ல் திவான் சர் சி.பி. ராமசுவாமி ஐயர், வெள்ளைக்காரன் போனதும் திருவிதாங்கூர் தனி நாடு என்று அறிவித்தார். தோவாளையில் சொந்தக்காரர்களும் திருநெல்வேலியில் கொடுக்கல் வாங்கலும் இருந்த தாத்தாவுக்கு அன்று தூக்கம் போயிற்று. ஜூலையில் எங்கள் ஊர்ப் பேட்டையில், அந்த அறிவிப்பை எதிர்த்து நடந்த கூட்டத்தில் போலீஸ் சுட்டு, ராஜேந்திரன் என்ற மாணவர் இறந்தார். 25-ம் தேதி ஓர் இசை விழாவில் கே.சி.எஸ். மணி என்பவர் திவானை வெட்டினார்; திவான் பிழைத்துக்கொண்டார். மாதம் முடியுமுன் மன்னர் இந்தியாவோடு சேரச் சம்மதித்தார். தனி நாட்டுப் பேச்சுக்கு ஆயுள் ஏழு வாரம்.

தனி நாடாகவே ஆகிவிட்ட கிர்கிஸ்தானில் என் தங்கை மகள் இப்போது மருத்துவம் படிக்கிறாள். 1991-ல் சோவியத் யூனியனிலிருந்து பிரிந்த நாடு. ஆகஸ்ட் 31 வந்தால் பிஷ்கெக்கின் அலா-தோ சதுக்கத்தில் பாட்டு, நடனம், வாணவேடிக்கை. அங்கே நின்ற லெனின் சிலையை அவர்கள் உடைக்கவில்லை. 2003-ல் அருங்காட்சியகத்தின் பின்பக்கம் கொண்டுபோய் வைத்தார்கள். 2011-ல் சதுக்கத்தில் குதிரையேறி வந்து நின்றவர் அவர்களுடைய காவிய வீரர் மனாஸ். "மாமா, இவங்க பிரிஞ்சதைக் கொண்டாடுறாங்க. நம்ம ஊரு சேர்ந்ததைத்தானே கொண்டாடணும்?" என்று போனில் கேட்டாள். சரியாகத்தான் கேட்டாள்.

ஆகஸ்ட் 15-ல் இங்கே சென்ட்ரல் ஸ்டேடியத்தில் முதலமைச்சர் கொடியேற்றி அணிவகுப்பு மரியாதையை ஏற்கிறார். அன்றைக்கு ராஜேந்திரனின் பெயரையும் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. இந்த ஊருக்கு அந்த விடுதலை தானாக வந்து சேரவில்லை. பிள்ளைகள் உயிரைக் கொடுத்துக் கேட்டு வாங்கினார்கள். ஊர் சேர்ந்ததுபோல மன்னரின் நாயர் பட்டாளமும் பின்னால் இந்திய ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தது. பழவங்காடிக் கோயிலை இன்றைக்கும் ராணுவம்தான் பராமரிக்கிறது.

எங்களைப் போன்ற தமிழர்களுக்கு 1956 நவம்பர் 1-ல் இன்னொரு சேர்க்கையும் நடந்தது. தோவாளை உட்பட நான்கு தெற்குத் தாலுக்காக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. தாத்தாவின் கடை கேரளத்தில் நின்றது. ஆண்டுதோறும் அந்த நாளில் இங்கே கேரளம் பிறந்ததைக் கொண்டாடும் கேரளப் பிறவி விழா, நாகர்கோவிலில் அந்தச் சேர்க்கைக்காகப் போராடிய நேசமணியின் சிலைக்கு மாலை. எங்கள் வீட்டில் இரண்டுக்குமாகப் பாயசம் வைக்கிறோம்.