படலம் நீங்கு படலம்

படலம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். புராணத்தின் உட்பிரிவு ஒன்று. ஒன்றின் மேல் படிந்து அதை மறைக்கும் மெல்லிய தோல் மற்றொன்று. இரண்டாவதை நீக்குவது பற்றிய முதலாவது இது.

காஞ்சிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு எதைப் பற்றியும் உரை எழுதுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். திருக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர் இவ்வூர்க்காரர் என்பது மரபு. குமரகோட்டத்தில் கந்தபுராணம் பாடிய கச்சியப்ப சிவாசாரியார் நாளுக்கு நூறு பாட்டு எழுதிச் சன்னிதியில் வைத்துவிட்டுப் போவாராம். விடிந்து பார்த்தால் முருகன் திருத்தி வைத்திருப்பானாம். அரங்கேற்றத்தில் முதல் புணர்ச்சிக்கே இலக்கண விதி எங்கே என்று ஒருவர் எழுந்து கேட்க, வீரசோழியத்தில் இருக்கிறது என்று காட்டவும் முருகனே வேற்றுருவில் வரவேண்டியிருந்தது என்பது கதை. என் ஆய்வைத் திருத்த வாய்த்தவர் பிள்ளையார்பாளையத்தில் எதிர்வீட்டு நெசவாளர். அவரும் லேசுப்பட்டவர் அல்லர்.

ஆய்வுப் பொருள், 2006இல் வாங்கிய மெரூன் நிறச் சாண்ட்ரோ. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் பிறந்தது. 1998இல் ஹூண்டாய் அங்கிருந்து முதன்முதலாக வெளியே விட்டதும் சாண்ட்ரோதான். ஆகவே பட்டுச்சேலையைப் போலவே இதுவும் மாவட்டத்துச் சரக்கு.

ஆய்வுச் சிக்கல் அதன் பானட்டில் இருந்தது. ஆயுத பூஜைதோறும் என் தாயார் அதில் சந்தனத்தால் மூன்று பட்டை இழுத்து நடுவில் குங்குமம் வைப்பார். கையால் துடைப்பது அபசாரம். தானாக உதிரும்வரை அது வெயிலில் காயும். சந்தனம் உதிர்ந்துவிடும்; சந்தனம் இருந்த தடம் உதிராது. ஷாம்பு போட்டுக் கழுவினாலும் ஈரத்தில் மறைந்து, காய்ந்ததும் மறுபடி எழுந்து வரும். மூன்று ஆண்டுப் பொட்டுகள் சற்றே விலகி விலகிப் படிந்ததில், கீழடியில் குழி போட்டவர்கள் வந்து பார்க்கத் தக்க மண்ணடுக்கு ஒன்று உருவாகியிருந்தது. சுற்றிலும் போர் தண்ணீர் காய்ந்து விட்டுப்போன உப்பு வட்டங்கள், புறா எச்சம் அரித்த இடங்கள், புளியமரத்துச் சொட்டு.

எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் காலையில் நின்று பார்த்தார்.

“என்ன சார், வண்டிக்கு அம்மை வார்த்திருக்கா?”

“வயசாயிடுச்சுண்ணே.”

“வயசெல்லாம் இல்ல. மேல இருக்கிறதுதான் இப்படி. உள்ள வண்டி அப்படியேதான் இருக்கும்.”

இவ்வாய்வின் கருதுகோள் முழுவதும் அந்தக் கடைசி வாக்கியம்தான். சொன்னவரைக் குறிப்பிடாமல் எடுத்தாண்டால் கருத்துத் திருட்டு ஆகும் என்பதால் இங்கேயே கடனை ஒப்புக்கொள்கிறேன்.

இனி, எது ‘மேல இருக்கிறது’, எது ‘வண்டி’? இந்த எல்லையில்தான் பலரும் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். இக்காலக் காரின் தகரத்தின் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், அதற்கும் மேல் நிறமில்லாத கிளியர் கோட் என அடுக்குகள் உண்டு. எல்லாம் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டும். கிளியர் கோட் மட்டும் சுமார் 35 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதால், ஒரு லட்ச ரூபாய் வண்டியாயினும் ஒரு கோடி ரூபாய் வண்டியாயினும் அதன் பளபளப்பு மயிரிழையை விட மெல்லியது என்க. 2014இல் தயாரிப்பு நின்ற அம்பாசடரின் பழைய தலைமுறைக்கு இந்தக் கண்ணாடித் தோல் கிடையாது. நிறமே மேல்தோல். அதைத் தேய்த்தால் துணியில் நிறம் ஏறும். சாண்ட்ரோவைத் தேய்த்தால் துணியில் அழுக்கு மட்டும் ஏற வேண்டும். மெரூன் ஏறினால் மேல்தோல் போய்விட்டது என்று பொருள். ஆய்வாளன் வண்டியைவிடத் துணியைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும்.

முன்னோர் கொள்கைகளை மறுக்காமல் தன் கொள்கையை நாட்டுவது முறையன்று ஆகையால், அவற்றையும் பார்ப்போம். தேங்காயெண்ணெய் என்பார் ஒருவர். எண்ணெய் கீறல்களை நிரப்பிக்கொண்டு அன்று மாலைவரை மின்னும். மறுநாள் தெருப்புழுதி முழுவதையும் வரவேற்று உட்காரவைக்கும். புளி என்பார் மற்றொருவர். பித்தளைக் குடத்துக்குப் புளி சரி. குடத்துக்குக் கிளியர் கோட் இல்லை. விபூதி என்பாரும் உளர். இந்தக் கட்சியை எளிதில் தள்ள முடியாது. வெள்ளி விளக்கை விபூதியால் துலக்கும் வீடுகள் பல. மிக நுண்ணிய பொடி மெதுவாக உராய்ந்து கறுப்பை எடுக்கும் என்ற கோட்பாட்டை நம் பாட்டிமார் புட்டியில் அடைத்து விற்காமல் போனது அவர்கள் பெருந்தன்மை. ஆனால் இப்போதைய விபூதிப் பொட்டலத்தில் சாம்பல் எவ்வளவு, வேறென்ன எவ்வளவு என்பதை நெற்றி பொறுத்துக்கொள்ளும், பானட் பொறுக்காது.

கடைசியாக ரப்பிங் காம்பவுண்டு. இதன் வேகத்தை நான் அனுபவித்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் மெஷினில் பஃப் மாட்டி, கதவோரக் கூரிலே அரை நிமிடம் நிறுத்திப் பிடித்தார் ஒருவர். பளபளப்பு வந்தது, கூடவே சாம்பல் நிறப் பிரைமரும் வந்தது. ஓரங்களில் பெயிண்ட் மெலிந்திருக்கும் என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. எனக்கும்தான். கோயில் கல்லில் சுண்ணாம்பைப் போக்குகிறோம் என்று மணல் வீச்சு நடத்திக் கல்வெட்டு எழுத்தையும் சிற்பத்தின் மூக்கையும் சேர்த்துப் போக்கிய திருப்பணிகள் தமிழ்நாட்டில் உண்டு. அறநிலையத் துறை அதைத் தடை செய்யவேண்டி வந்தது. என் கதவோரத்தில் கல்வெட்டு ஏதும் இல்லாததால் வழக்கு இல்லை.

இந்த இடத்தில் நூற்பா ஒன்று தேவைப்படுகிறது:

மென்மையிற் றொடங்கி வேண்டிய அளவே
வன்மையிற் சேறல் வழுவில் முறையே.

யாத்தவன் நானே. பழைய ஏட்டில் கிடைத்தது என்று சொல்ல நா துடித்தது. இது என் சொல்லியதோ எனின், முதலில் மிகச் சாதுவானதைப் போட்டுப் பார். போகவில்லையென்றால் மட்டும் ஒருபடி கடுமையானதை எடு. போனதும் நிறுத்து என்றவாறு. ‘வேண்டிய அளவே’ என்னும் ஏகாரம் பிரிநிலைப் பொருளது, மெஷின்காரரை விலக்கவந்தது.

அற்றேல் அஃதாக, இதற்குக் காஞ்சியில் சான்று உண்டோ எனின், தெருவுக்கு ஒன்று உண்டு. ஏகாம்பரநாதர் மணலால் ஆனவர். பிருதிவி லிங்கம். ஆகவே நீர் அபிஷேகம் லிங்கத்துக்கு இல்லை, ஆவுடையாருக்குத்தான். லிங்கத்துக்குப் புனுகு சாத்துவார்கள். உலகளந்த பெருமாள் நெடிய சுதைத் திருமேனி. சுதைக்குத் திருமஞ்சனம் ஒவ்வாது. வரதராஜர் கோயிலின் அத்தி வரதரோ மரம்; மரத்தைத் தண்ணீர் கெடுக்கும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, அவர் அனந்தசரஸ் குளத்துக்குள் நாற்பது ஆண்டு படுத்திருந்து 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் வெளியே இருந்துவிட்டு மறுபடி உள்ளே போனார். கல்லுக்குச் செய்வதை மணலுக்குச் செய்வதில்லை, மணலுக்குச் செய்வதை மரத்துக்குச் செய்வதில்லை. இவ்வளவு நுட்பம் தெரிந்த ஊரில்தான், எல்லா வண்டிக்கும் ஒரே டப்பாவைத் திறக்கிறார்கள்.

அதே வரதராஜர் கோயிலில் படியேறித் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுவிட்டு வருகிறோம். அவை கை பட்டுப் பட்டு மின்னுகின்றன. இந்த ஊரில் எதைச் சொன்னாலும் பட்டு வந்துவிடுகிறது. வரட்டும், அதுவே முக்கியச் சான்று. கச்சாப் பட்டு நூலைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: விறைப்பாக, மங்கலாக இருக்கும். புழு தன் இரண்டு இழைகளையும் செரிசின் என்ற பசையால் ஒட்டிவைத்திருக்கிறது. நூலின் எடையில் ஏறத்தாழ கால்பங்கு இந்தப் பசைதான். சோப்பும் சோடாவும் கலந்த வெந்நீரில் வேகவைத்துப் பசையை எடுத்தபிறகே உள்ளிருக்கும் இழை வெளிச்சத்தைப் பார்க்கிறது. அதன் குறுக்குவெட்டு முக்கோணம் போன்றது. பட்டை தீட்டிய கல்லைப் போல ஒளியைத் திருப்புகிறது. பட்டின் மினுக்கு யாரும் பூசியதில்லை. மேலே இருந்ததை எடுத்தார்கள், அவ்வளவுதான். வேகவைப்பது கொஞ்சம் மிஞ்சினால் இழை பலம் போய்விடும் என்பதையும் நெசவாளர் சேர்த்தே சொன்னார். மெஷின்காரர் இவரிடம் இரண்டு வாரம் வேலைக்கு இருந்திருக்கலாம்.

இனிக் கலைபேதம். காஞ்சியில் கலைபேதம் இல்லாமல் ஒரு துறை வளராது. கோயில் யானையின் நெற்றியில் எந்த நாமம் என்பது வரை வடகலையும் தென்கலையும் வழக்காடிய ஊர் இது. வண்டி துடைப்போரில் வட்டகலை, நெட்டகலை என இரண்டு. வட்டமாகத் தேய்க்க வேண்டும் என்பது முதற்பக்கம். நெட்டுக்குத்தாக இழுக்க வேண்டும் என்பது மறுபக்கம். வட்டமாகத் தேய்ப்பதால்தான் வெயிலில் சிலந்தி வலை போன்ற வளையங்கள் தெரிகின்றன என்று நெட்டகலையார் குற்றம் சாட்டுவர். இது முழுதும் பொருந்தாது. கீறல்கள் எந்தத் திசையில் கிடந்தாலும், சூரியனின் பிம்பத்தைச் சுற்றி வளைந்து செல்லும் திசையில் உள்ளவை மட்டும் ஒளியை நம் கண்ணுக்கு அனுப்பும். ஆகவே வளையம் தெரியும். தலையை நகர்த்தினால் வளையமும் கூடவே நகரும். குற்றம் கையின் வட்டத்தில் இல்லை, துணியில் ஒட்டியிருந்த மண்துகளில்.

இதைவிட ஆழமான பேதம் ஒன்று: கறை போவது நம் முயற்சியாலா, மருந்தின் அருளாலா? குரங்குக் குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டி சும்மா இருக்கிறது, தாய் கவ்விக்கொண்டு போகிறது. முன்னது வடகலைக்கும் பின்னது தென்கலைக்கும் சொல்லும் உவமை. பெயிண்ட் கிளீனர் என்ற வெண்ணிறக் குழம்பில் கறையைக் கரைத்துத் தானே தூக்கிவரும் கரைப்பான் ஒரு பாதி; இது பூனை. தேய்க்கத் தேய்க்கத் தானும் பொடிந்து நுண்மையாகிவிடும் உராய்பொடி மறுபாதி, இது குரங்கு. நூற்றாண்டு வழக்கை ஒரே புட்டிக்குள் சமரசமாக முடித்துவைத்த ரசாயனக்காரரை இவ்வூருக்கு அழைத்து மாலை போட்டிருக்க வேண்டும்.

களப்பணி ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. கழுவி, ஈரம் போகத் துடைத்து, பானட்டில் கை வைத்தால் சுடாத வரையில் நிழலில் நிறுத்தினேன். உள்ளங்கையில் பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு தடவினால் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு விரலுக்குத் தெரியும். நகம் மாட்டும் கீறல்களை ஆய்வு எல்லைக்கு வெளியே தள்ளினேன். அவை கிளீனருக்கு அடங்கா. கறுப்புப் பீடிங்கில் பட்டால் வெள்ளை பூத்துவிடும் என்று டேப் ஒட்டினேன். மைக்ரோஃபைபர் துணியில் எட்டணா அளவு ஊற்றி, பொட்டின் ஓரத்தில் ஒரு சாண் இடத்தில் மட்டும், சேலையைத் தடவிப் பார்க்கும் அழுத்தத்தில் தேய்த்தேன். துணி பழுப்பாகியது. மெரூன் இல்லை. 2023ஆம் ஆண்டுப் படிவு முதலில் போயிற்று, அதற்கடுத்து முந்தையது. அடியில் கிடந்த குங்குமத்துக்கு இரண்டு முறை தேவைப்பட்டது. புறா எச்சம் அரித்த ஒரு குழி போகவில்லை. நூற்பாவை நினைத்து விட்டுவிட்டேன்.

கிளீனர் பழைய மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும் ஆகையால் புதிதாக மெழுகு போடவேண்டும். கார்னோபா மெழுகு பிரேசிலில் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து வருகிறது. பனையை மாநில மரமாக வைத்திருக்கும் நாம் அதில் பதநீரோடு நின்றுவிட்டோம்.

விளைவை அளக்க ஆய்வகங்களில் அறுபது பாகைக் கோணத்தில் ஒளியை விட்டு எண் காட்டும் கருவி வைத்திருக்கிறார்கள். எனக்கு அது வாய்க்கவில்லை. மறுநாள் விடியற்காலை தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். வண்டியை ஓரமாக எடுக்கச் சொல்ல வந்த நெசவாளர் பானட்டைக் குனிந்து பார்த்தார். அரக்குப் பாவு முழுநீளத்துக்கும் அதில் தெரிந்தது. வெகுநேரம் நிமிரவேயில்லை. பாராட்டு வரப்போகிறது என்று குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

“அந்தக் கோடியில ஒரு இழை அறுந்து தொங்குது, சார்” என்று சொல்லிவிட்டு முடிபோட ஓடினார்.