கல்லைக் கொன்றது யார்?

துப்பறியும் நாவலுக்குப் பிணம் வேண்டும். சரித்திரத் துப்பறியும் நாவலென்றால் கொஞ்சம் பழைய பிணமாக வேண்டும். சிங்கப்பூரில் கிடைப்பதிலேயே கனமான பிணம் ஒரு பாறை. சுமார் பத்தடி உயரம், ஏறக்குறைய அதே நீளம், முகமெல்லாம் எழுத்து, ஐம்பது வரிக்கு மேல். 1843 ஜனவரியில் சர்க்கார் உத்தரவுப்படி, சர்க்கார் வெடிமருந்தில், சர்க்கார் சம்பளம் வாங்குகிறவர்களே அதைக் கொன்றார்கள். இன்றுவரை யார்மீதும் வழக்கில்லை.

விசாரிக்க ஒரு தம்பதியை அனுப்பலாம் என்றிருக்கிறேன். புருஷனும் பெண்டாட்டியுமாகத் துப்பறிவது நமக்குப் புதிதல்ல. பஸ் நிலையக் கடையில் மாத நாவல் வாங்கிப் படித்தவர்களுக்கு ராஜேஷ்குமாரின் விவேக்-ரூபலாவைத் தெரியும். என் தம்பதி கற்பனை, பெயர்கூடக் கிடையாது. அவள் அவரை ‘என்னங்க’ என்பாள், அவர் அவளை ‘இந்தாம்மா’ என்பார். அதுவே போதும். அவர் துறைமுகத்தில் கிராணி. அவள் சிராங்கூன் சாலை ஓரத்தில் இரண்டு மாடு வைத்து மோர் விற்கிறாள். அந்தக் காலச் சிங்கப்பூரில் இந்தியப் பெண்கள் மிகச் சொற்பம் என்று வரலாற்றுக்காரர்கள் கையைத் தூக்குவார்கள். தூக்கட்டும். வழக்கைத் துலக்க அவள் இல்லாமல் ஆகாது.

சம்பவ இடம், சிங்கப்பூர் ஆறு கடலில் விழுகிற முனை. இன்று ஃபுல்லர்ட்டன் ஹோட்டல் நிற்கிற பக்கம். 1819இல் அங்கே காடு வெட்டிய வங்காள மாலுமிகள்தான் முதலில் கல்லைப் பார்த்தார்கள். எழுத்தைக் கண்டதும் பயந்துபோய் வேலையை நிறுத்திவிட்டார்கள். மிச்சக் காட்டைக் கூடுதல் கூலிக்குச் சீனர்கள் வெட்டினார்கள். சிங்கப்பூரின் பொருளாதார வரலாறு முழுவதும் இந்த ஒரு சம்பவத்தில் அடங்கிவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

பிறகு பெரிய மனிதர்கள் வரிசையில் வந்தார்கள். 1822இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜான் கிராஃபர்ட் பார்த்தார். பெரிய பாறையை மனிதக் கை இரண்டாகப் பிளந்திருக்கிறது, இரு பாதிகளும் இரண்டரை அடி இடைவெளியில் ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்திருக்கின்றன என்று குறித்தார். எழுத்து பாலியாக இருக்கலாம் என்றார். அதே ஆண்டு ராஃபிள்ஸ் வந்து, இது இந்து எழுத்துதான் என்று தீர்ப்புச் சொன்னார். கிழக்கே முதலில் வந்து குடியேறியவர்கள் இந்துக்களாம், ஆகவே எழுத்தும் அவர்களுடையதாம். ஒரு எழுத்தையும் வாசிக்காமல் முடிவுக்கு வருவதில் கம்பெனி அதிகாரிகளுக்கு இருந்த தேர்ச்சி இன்றைக்கு வாட்ஸ்அப் அறிஞர்களிடம் மட்டுமே பார்க்கக் கிடைக்கிறது.

அடுத்தவர் டாக்டர் வில்லியம் பிளாண்ட். மாவைப் பிசைந்து கல்லின் முகத்தில் அப்பி, அச்சு எடுத்தார். புரோட்டா மாஸ்டர் கெட்டார். 1837இல் அந்தப் பிரதி கல்கத்தா ஆசியக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. அசோகரின் பிராமியையே உடைத்துக் காட்டிய ஜேம்ஸ் பிரின்செப் அதைப் பார்த்துச் சில எழுத்துகளை மட்டும் அடையாளம் கண்டார், ஒரு சொல்லைக்கூடக் கோக்க முடியவில்லை. ஆனாலும் பௌத்தம் இங்கே பரவியதைச் சொல்லும் கல்வெட்டாக இருக்கும் என்று ஊகித்தார். லிட்டில் இந்தியாவிலிருந்து தெற்கே நடந்தால் பிரின்செப் தெரு வரும். அது இவர் பெயரல்ல. சிங்கப்பூரில் ஜாதிக்காய்த் தோட்டம் போட்ட அண்ணன் சார்லஸின் பெயர். எழுத்தைப் படித்த தம்பிக்குத் தெரு இல்லை, ஜாதிக்காய்க்காரருக்கு உண்டு.

என்னங்க நோட்டுப் புத்தகத்தைத் திறந்து முதல் சாட்சியைக் கூப்பிட்டார். முன்ஷி அப்துல்லா, மலாக்காக்காரர், ராஃபிள்ஸுக்கு மலாய் எழுதிக் கொடுத்தவர். பூட்டன் ஏமன் அராபியர், பூட்டி நாகூர்த் தமிழ்ப் பெண். முன்ஷிக்குச் சின்ன வயதில் தமிழ் கற்பித்திருந்தார்கள். கல்லை நேரில் பார்த்தவர். தன் சரிதையில் அவர் வெளிப்படையாகவே குற்றம்சாட்டுகிறார்: உடைத்தவர் இஞ்சினியர் கோல்மன், தகாத காரியம் செய்துவிட்டார்.

“ஆச்சு, கேஸ் முடிஞ்சுது” என்றார் என்னங்க.

“கோல்மன் துரை ஊர்லயே இல்லியே. ரெண்டு வருஷமா லீவு. அவங்க வீட்டுக்கு மோர் ஊத்துறதை எப்பவோ நிறுத்திட்டேன்” என்றாள் இந்தாம்மா.

மோர்க் கணக்கு கற்பனை, விடுப்பு நிஜம். ஐரிஷ்காரரான கோல்மன் 1841இல் போனவர் 1843 கடைசியில்தான் திரும்பினார். கல் வெடித்த ஜனவரியில் இருந்தவர் தற்காலிக இஞ்சினியர் கேப்டன் ஸ்டீவன்சன். ஆற்று வாயை அகலப்படுத்த வேண்டும், ஃபுல்லர்ட்டன் கோட்டைக்கும் அதன் தளபதி குடியிருக்கவும் இடம் வேண்டும். நோக்கம் கிடைத்துவிட்டது: ஒரு அதிகாரிக்கு வீடு. பாவம், பழி விடுப்பில் போனவர் தலையில் விழுந்தது. ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

வெடிக்கு முன்னால் ஒருவர் மட்டும் தடுக்கப் பார்த்தார். கர்னல் ஜேம்ஸ் லோ. மனுப் போட்டார், தள்ளுபடி. வெடிச்சத்தம் அடங்கியதும் ஆற்றைக் கடந்து வந்து எழுத்துள்ள சில்லுகளைப் பொறுக்கினார். துப்பறியும் கதையில் சாவு வீட்டில் அதிகமாக அழுகிறவர்மேல்தான் சந்தேகம் வர வேண்டும் என்பதால் என்னங்க இவரையும் ஒரு நாள் பின்தொடர்ந்தார். லோ செய்தது, சீனக் கல்தச்சரை வைத்துச் சில்லுகளைச் செதுக்கித் தட்டையாக்கிக் கல்கத்தாவுக்கு அனுப்பியதுதான். பிணத்தைக் காப்பாற்ற இன்னும் கொஞ்சம் வெட்டினார். நல்ல மனிதர்தான், விட்டுவிடலாம்.

உடைத்த மறுமாதம், 1843 பிப்ரவரியில், சிராங்கூன் சாலைப் பக்கத்துப் புதிய மைதானத்தில் சிங்கப்பூரின் முதல் குதிரைப் பந்தயம். ஊரே அங்கே. கல்லைப் பற்றிக் கேட்க ஆளில்லை.

இனி நம் ஆட்களின் பங்கு. இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான், ஆனால் துப்பறிகிறவருக்கு இனப்பாசம் ஆகாது. 1848இல் கல்கத்தாக்காரர்கள் மிச்சத் துண்டுகள் இருந்தால் அனுப்புங்கள் என்று எழுதினார்கள். கவர்னர் பட்டர்வொர்த் தேடியபோது ஒரு துண்டு கருவூலத்துத் தாழ்வாரத்தில் இருந்தது. காவல் சிப்பாய்களும் காரியமாக வந்து காத்திருந்தவர்களும் அதன்மேல் உட்கார்ந்து உட்கார்ந்தே எழுத்து ஏறக்குறைய அழிந்துவிட்டிருந்தது. பிரின்செப்புக்கே பிடிபடாத எழுத்தைச் சிப்பாய்களின் கால்சட்டை ஐந்து வருஷத்தில் கரைத்துக் குடித்துவிட்டது. குன்றின்மேல் கவர்னர் மாளிகை மூலையில் இன்னொரு பெரிய பாளம் கிடந்ததாக ரீட் என்ற வியாபாரி நினைவுகூர்ந்திருக்கிறார். கவர்னர் பினாங்கு போயிருந்த சமயம், சாலைக்குக் கல் தேவைப்பட்ட கைதிகள் அதைச் சல்லியாக உடைத்துப் போட்டுவிட்டார்களாம். அன்று சாலை போட்ட கைதிகள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டவர்கள். செயின்ட் ஆண்ட்ரூ தேவாலயத்துக்கு முட்டை வெள்ளைக்கருவும் வெல்லமும் கலந்து சுண்ணாம்புப் பூச்சுப் பூசியவர்களும் கைதிகள்தான்.

“அப்ப எழுத்து எந்த ரோட்டுக்கு அடியில இருக்குன்னு தெரியாது” என்றார் என்னங்க.

“எந்த ரோடா இருந்தா என்ன, நாமதான் தினமும் மிதிச்சுட்டுப் போறோம்.”

செத்தது யார் என்பது இன்னும் பாக்கி. மலாய்க்காரர்களின் பழைய நூலான செஜாரா மெலாயுவைக் கேட்டால் அது படாங் எறிந்த கல். படாங் ஒரு அடிமை. மீன்பொறியில் மீனைத் திருடிய பூதத்தைப் பிடித்து, அது கக்கியதைத் தின்று பலசாலியானவன். (இந்தக் காலத்துப் புரோட்டீன் பவுடருக்கு இது எவ்வளவோ தேவலை.) கலிங்கத்து ராஜா ஏழு கப்பல்களைப் பந்தயமாக வைத்துத் தன் பயில்வானை அனுப்பினார். சிங்கப்பூர் ராஜா வீட்டெதிரே கிடந்த பாறையை நம் ஆள் முழங்கால்வரைதான் தூக்கினான். படாங் தலைக்குமேல் சுழற்றி ஆற்று வாயில் எறிந்தான். ஏழு கப்பலும் போச்சு. தோற்றவர் நம்மூர்ப் பக்கத்தவர் என்பதால் இந்தக் கதையைத் தமிழ்க் கூட்டங்களில் அவ்வளவாகச் சொல்வதில்லை.

அங்கே சொல்வது அதே நூலில் வரும் ராஜா சோழனின் கதை. சீனாவைப் பிடிக்கப் படையோடு தெமாசிக்வரை, அதாவது பழைய சிங்கப்பூர்வரை, வந்துவிட்டார். சீனச் சக்கரவர்த்தி சண்டைக்கு வரவில்லை. ஒரு கப்பலில் பல்லுப்போன கிழவர்கள், துருப்பிடித்த ஊசிகள், காய்த்துத் தொங்கும் மரங்கள் எல்லாவற்றையும் ஏற்றி அனுப்பினார். புறப்பட்டபோது எங்களுக்குப் பன்னிரண்டு வயது, இந்த மரங்கள் வெறும் விதை, இந்த ஊசிகள் கைப்பருமன் இரும்புக்கம்பி என்று கிழவர்கள் அளந்தார்கள். சோழர் கணக்குப் போட்டுப் பார்த்துத் திரும்பிவிட்டார். கடல் தாண்டிய பேரரசு ஒன்று ஊசியில் ஏமாந்த கதை இது. இதற்குப் பின்னால் 1025இல் ஸ்ரீவிஜயத்தின்மேல் பாய்ந்த ராஜேந்திரனின் நிழல் இருப்பதாக ஆய்வாளர்கள் பலர் நினைக்கிறார்கள்.

கல்லிலேயே சோழர் இருக்கிறாரா? டச்சு அறிஞர் கெர்ன் சில துண்டுச் சொற்களைப் படித்தார், எந்த மொழி என்று சொல்ல முடியவில்லை. லெய்ட்லே என்ற ஆய்வாளர், இது சாவகத்தின் பழைய ‘கவி’ எழுத்து என்றார். காலத்தைப் பத்தாம் நூற்றாண்டிலிருந்து பதினான்காம் நூற்றாண்டுவரை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். 2019இல் இயன் சின்க்ளேர் என்ற ஆய்வாளர் மிச்சத் துண்டில் ‘கேசரிவ’ என்பது தெரிவதாகச் சொன்னார். பரகேசரிவர்மன் என்ற சோழப் பட்டத்தின் நடுத்துண்டாக இருக்கலாம் என்பது அவர் வாதம்.

என்னங்க துள்ளிக் குதித்தார். “பார்த்தியா, நம்ம சோழன்!”

“தமிழ் படிச்ச முன்ஷி நேர்ல பார்த்தாரே, ஒண்ணும் சொல்லலியே?”

“ஆயிரம் வருஷத்து எழுத்து. தஞ்சாவூர்க் கோயில் சுவரை நீ வாசிச்சிடுவியா?”

“மாட்டேன். அதனாலதான் சோழன்னும் சொல்ல மாட்டேன், இல்லேன்னும் சொல்ல மாட்டேன். ராஃபிள்ஸ் துரை மாதிரி வாசிக்காமலே தீர்ப்புச் சொல்ற வேலை நமக்கெதுக்கு?”

நான் இந்தாம்மா கட்சி. நான்கு எழுத்தை வைத்து ஒரு பேரரசை நட்டுவிடலாம். மிச்ச வரிகள் ஏதோ ஒரு சாலைக்கு அடியில் இருக்கும்வரை மறுத்துப் பேச யாரும் வரப்போவதில்லை. அந்த வசதியே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. குற்றப்பத்திரிகையில் மட்டும் சந்தேகமில்லை. முதல் குற்றவாளி ஸ்டீவன்சன், சம்பளத்துக்கு. உடந்தை, நம் சிப்பாய்களும் கைதிகளும், உட்கார இடத்துக்கும் சாலைச் சல்லிக்கும். கோல்மன் விடுதலை.

கல்கத்தா போனவற்றில் ஒரு துண்டு 1918இல் இரவலாகத் திரும்பியது. ஸ்டாம்ஃபர்ட் சாலையில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தின் பொக்கிஷங்களில் அதுவும் ஒன்று. லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போகலாம். லோ அனுப்பிய மற்றவை திரும்பவில்லை. உங்கள் சொந்தக்காரர் யாராவது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தால், கிடங்கு மூலையில் எழுத்துள்ள மணற்கல் ஏதும் கிடக்கிறதா என்று ஒரு நடை பார்க்கச் சொல்லுங்கள். அதன்மேல் உட்கார வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள்.