வெள்ளி நாவும் மூவெட் தேர்வும்

மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வான மூவெட்டுக்குச் (MUET) செந்தூல் முழுவதும் டியூஷன் ஆசிரியர் தேடுகிறேன். தமிழ்ப்பள்ளியில் படித்த என் மகளுக்கு ஆங்கில நாவன்மை வாய்க்குமா ஐயா?
— ஒரு தாய், செந்தூல்

வலங்கைமானில் ஏழைப் புரோகிதரின் மகனாய்ப் பிறந்து, பள்ளி ஆசிரியராய் வாழ்வைத் தொடங்கி, ‘வெள்ளி நாவினர்’ என்று ஆங்கிலேயரே புகழ உயர்ந்து, நம் தோட்டத் தொழிலாளரின் நிலையை விசாரிக்க 1936-இல் மலாயா வந்த மகாகனம் சீனிவாச சாஸ்திரியாருக்குத் தாய்மொழி எந்நாளில் தடையாய் நின்றது, அம்மா?

மூவெட்டில் கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து நான்குக்கும் தலா 90 புள்ளி என்பதாலும், பேச்சுத் தேர்வில் தனியே உரைத்தபின் குழுவோடு விவாதிக்கவும் வேண்டும் என்பதாலும், பழைய வினாத்தாள்களை மாத்திரம் நிரப்பச் செய்பவரை விடுத்து, நான்கு பிள்ளைகளை எதிரெதிரே அமர்த்தி, “ஏன்? எதனால்?” என்று கேட்டுக் கேட்டு வாதிக்கப் பழக்குபவரையே ஆசிரியராகக் கொள்ளுங்கள்.